வெள்ளி பெயிண்ட் அடித்த டைனமோ

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் அந்த மழைக்காலம் முழுக்கத் தேங்கி நின்றதை மழைத்தண்ணீர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மழை விட்டு, வெயில் சுளீரென்று அடித்த பிறகும் அது வற்றவில்லை. மூடி நகர்ந்துபோன ஒரு சாக்கடைக் குழியிலிருந்து கறுப்பாகக் கொப்பளித்து வந்துகொண்டே இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம். அதில் டயப்பர் மிதந்தது, கோழிக்கடைக் கழிவு மிதந்தது, இன்னும் என்னென்னவோ மிதந்தன. எழுத மனம் வரவில்லை. அந்தத் தண்ணீருக்குள்தான் நான் தினமும் காரை இறக்கி ஏற்றினேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி வேலையை விட்டபிறகு வீடுகளுக்கே போய்ச் சிகிச்சை கொடுக்கிறேன். பக்கவாதத்தில் கை விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், படுத்த படுக்கையாகிவிட்டவர் என்று அம்பத்தூரில் சில வீடுகள், வேப்பம்பட்டில் ஒரு வீடு, சென்னீர்குப்பம் பக்கம் சில. பின் சீட்டில் வாக்கரும், காற்றடித்த பெரிய பந்தும், கால்களில் கட்டும் மணல் பைகளும் எப்போதும் கிடக்கும். அதற்காகவே ஒரு சின்னக் கார், பழையதாக வாங்கினோம். என் கணவர் ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பைக் போதும் என்பார்.

ஒருநாள் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரிப் படம் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. மறுநாளும் எரிந்தது. கணவரிடம் சொன்னேன். "பேட்டரி லைட்டுன்னா பேட்டரிதான் போயிருக்கும்" என்றார். புது பேட்டரி போட்டோம். நாலு நாள் கழித்து அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது, இந்த முறை அணையவில்லை. பேட்டரியில் கோளாறே இல்லை, அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொடுக்கும் டைனமோதான் செத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆல்டர்நேட்டர் என்பது அதன் சரியான பெயர். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்னீர்குப்பத்தில் ஒருவருக்குச் சிகிச்சை முடித்துவிட்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல். வைப்பர் கிழவரின் கைபோல மெதுவாகிக்கொண்டே வந்தது. ஸ்டியரிங் திடீரென்று இறுகி, இரண்டு கையாலும் திருகவேண்டியிருந்தது. அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு நட்டநடுவில் இன்ஜின் ஒருமுறை உதறி நின்றது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நின்றது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்தபடியே பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, கழற்றாமலே இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் வரை சில்லென்று ஏறியது. மெத்தென்று ஏதோ ஒன்று காலைச் சுற்றிக்கொண்டு, பிறகு விலகிப் போனது. அது என்ன என்று குனிந்து பார்க்கவில்லை. ஒரு ஆட்டோக்காரரும் லாரி கிளீனரும் வந்து தள்ளினார்கள். நான் ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. என் கணவரோடு வேலை செய்கிறவர்கள் பலரும் வண்டி விடும் இடம். அவருக்குப் போன் செய்தேன், அவரும் பைக்கில் வந்துவிட்டார். ஒர்க்‌ஷாப் முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். சட்டையில் ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை.

"இன்னா சார் பிராப்ளம்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சுது, ஸ்டியரிங் இறுகிச்சு, அப்புறம் நின்னுடுச்சு" என்று நான் சொன்னேன்.

"அப்டியா சார்?" என்று அவர் என் கணவரையே பார்த்துக் கேட்டார். என் கணவரும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்.

வேலைக்காரர் ஒருவர், வயதானவர், காருக்கு அடியில் பலகை போட்டுப் படுத்து டைனமோவைக் கழற்றி வெளியே எடுத்தார். அதைத் தரையில் வைத்தார். அதன் காற்றுத் துளைகளிலெல்லாம் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. பெல்ட் ஓடும் சக்கரத்தைச் சுற்றித் தலைமுடி, யாருடையதோ, நூல்கண்டு போலச் சுருண்டிருந்தது. ஒரு பக்கத்தில் நீல நிறக் கேரி பேக் ஒன்று சூட்டில் உருகி, உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு மாதிரி ஒட்டிப்போயிருந்தது. நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"டைனமோ பூட்ச்சி சார். இந்தத் தண்ணில ஓட்டிகினு இருந்தா இன்னா ஆவும்? இத்த ரிப்பேர் பண்றதுலாம் வேஸ்ட்டு. புதுசு போட்டுர்லாம்."

போடுங்கள் என்றோம். கணவர் ஷிஃப்ட்டுக்குத் திரும்பினார். சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னதால் நான் மட்டும் காத்திருந்தேன். அப்போதுதான் முதலாளி பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"அக்கா இன்னா, டாக்டரா?" முதன்முதலாக என்னிடம் பேசினார்.

பிசியோ என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. "அக்கா, எங்கம்மா மாடில கீறாங்க. முட்டி ஆபரேசன் பண்ணி நாளாச்சு, மடக்கவே முடியல. ஒரு தபா பாத்துட்டு சொல்லுக்கா. புண்ணியமா பூடும்."

சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று குழாயில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். அந்த அம்மாள் கட்டிலில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, கலகலப்பான வாய். முட்டியில் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. ஆனால் வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டுவிட்டதால் முட்டி கட்டைபோல் இறுகிவிட்டது. நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் காலோடு போராடினேன். எண்ணெய் தடவி, தழும்பைச் சுற்றி நீவி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினேன். "ஐயோ சாவடிக்கிறியே" என்று கத்துவார், உடனே சிரிப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. படுக்கைப் புண்ணைத் துடைத்திருக்கிறேன், மலம் ஒட்டிய வேட்டியை மாற்றிவிட்டுப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். நோயாளியின் உடம்பு எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை.

நடுவில் கீழேயிருந்து பெயிண்ட் வாடை ஜன்னல் வழியாகக் குப்பென்று ஏறியது. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"கீழ இன்னாமோ அடிக்கிறானுங்க" என்றார்.

"வண்டிக்கு பெயிண்ட் அடிப்பாங்களா இருக்கும்" என்றேன் நான்.

கீழே இறங்கியபோது கார் தயாராக இருந்தது. முதலாளி பானெட்டைத் தூக்கி செல்போன் வெளிச்சம் அடித்தார். உள்ளே டைனமோ வெள்ளியாக மின்னியது. "பாருக்கா, கண்ணாடி மாரி கீது" என்றார். சாவியைத் திருகியதும் இன்ஜின் கிளம்பியது, சிவப்பு விளக்கு அணைந்தது. பழையதைக் கேட்டேன். அதை எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி, காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் காட்டினார். புதுசுக்கான விலையைக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பார்த்ததற்கு என்ன தரவேண்டும் என்று கேட்டார். "அதெல்லாம் வேண்டாம். போற வழிதானே, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்க்கிறேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

சொன்னபடி போனேன். முட்டி மடங்க ஆரம்பித்தது. கட்டில் விளிம்பைப் பிடித்து நின்றவர், வாக்கரோடு அறைக்குள் நடந்தார். எனக்காக வெங்காய பக்கோடா போடச் சொல்லி வைத்திருப்பார்.

காருக்குள் மட்டும் ஒரு நாற்றம் இருந்துகொண்டே இருந்தது. காலையில் தெரியாது. சிக்னலில் நின்று, இன்ஜின் சூடேறி, ஏசி ஓடும்போது, பூட்டிய கக்கூஸைத் திறந்தாற்போல் முகத்தில் அடிக்கும். மிதியடிகளைத் துவைத்தேன். ஏசி ஃபில்டரை மாற்றினேன். எலி செத்திருக்குமோ என்று சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினேன். "ரோடே நாறுது, கார் நாறாதா?" என்றார் கணவர். ஒரு நோயாளியின் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலை இறக்கிக்கொண்டாள். எனக்கு உடம்பு கூசியது. என் மேலிருந்து வரும் நாற்றம் என்று நினைத்திருப்பாளோ.

பிறகு ஒருநாள் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எட்டிப்பார்த்தது.

மறுநாள் காலை எங்கள் ஃபிளாட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளி பெயிண்ட் மீன் செதில் மாதிரி பெயர்ந்துகொண்டிருந்தது. அடியில் கறுப்பு. ஒரு இடத்தில் மட்டும் பெயிண்டுக்கு அடியில் புடைப்பாக இருந்தது. கார்ச்சாவியால் சுரண்டினேன். வெள்ளி உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரிந்தது.

அதே கேரி பேக். கழுவக்கூட இல்லை. சேற்றோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்த்து மேலே ஒரு பூச்சு. சூடாகச் சூடாக அந்தச் சாக்கடை வெந்து, நாற்றம் காருக்குள் வந்திருக்கிறது. ஒரு மாதமாக அதைத்தான் நான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தேன். பானெட்டை மூடினேன். பிறகுதான் அந்தப் பெயிண்ட் வாடை ஞாபகம் வந்தது. நான் மாடியில் அவன் தாயின் முட்டியை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் கீழே இதைச் செய்துகொண்டிருந்தான். இதுவரை அவர் என்று எழுதினேன். இனி அப்படி எழுத வரவில்லை.

மேலே போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓடுதுல்ல?" என்றார்.

"சாக்கடையை எடுத்து பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்கான். ஓடுதுல்லன்னு கேக்குறீங்க."

"எங்க ஃபேக்டரி ஆளுங்க எல்லாம் அவன்கிட்டதான் விடுறாங்க. நாளைக்கு நாம மூஞ்சில முழிக்கணும். வம்பு எதுக்கும்மா?"

டிபன் பாக்ஸை அவர் கையில் கொடுத்தேன்.  அன்று முழுக்க அவர் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் வாசலில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னாக்கா, அம்மாக்கு இன்னிக்கி இல்லியே, நாளிக்கிதானே?" என்றான். நான் பானெட்டைத் திறந்து நீலத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். ஒரு வாய் டீ குடித்தான்.

"வெளிய கூடுதான்கா பயசு. உள்ள கார்பன், பேரிங் எல்லாம் புதுசு."

"புதுசு போடுறேன்னு சொன்னீங்க."

"புதுசு மாரின்னு சொன்னேன். சார் வரலியா? நான் சார்கிட்ட பேசிக்கிறேன்."

"வண்டி என்னுது. என்கிட்ட பேசுங்க. கழட்டி, என் முன்னாடி பிரிச்சுக் காட்டுங்க."

இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்ததால் மட்டுமே ஒத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். அந்த வயதான வேலைக்காரர் கழற்றி, நாலு போல்ட்டை எடுத்து, கூட்டைப் பிளந்தார். உள்ளே சேறு காய்ந்து வரட்டி மாதிரி உதிர்ந்தது. செத்த கரப்பான்பூச்சி ஒன்று செம்புக் கம்பிகளுக்கு நடுவே ஒட்டியிருந்தது. கார்பன் என்று அவன் சொன்ன அந்தச் சின்னக் கரித்துண்டுகள் தேய்ந்து, எலிப் புழுக்கை அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. எதுவும் புதிதில்லை. ஈரத்தை மட்டும் துடைத்துக் காயவைத்ததால் கொஞ்சநாள் ஓடியிருக்கிறது.

அவன் உடனே அந்த வேலைக்காரர் பக்கம் திரும்பினான். "யோவ், கார்பன் மாத்துன்னு சொன்னேனா இல்லியா?" என்று ஆரம்பித்து, அவருடைய தாயையும் மனைவியையும் இழுத்து, என் காது கூசுகிற மாதிரி திட்டினான். அவர் தலையைக் குனிந்துகொண்டு துணியில் கையைத் துடைத்தார். அந்த முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. தன் முறை எப்போது முடியும் என்று நிற்கிறவர் மாதிரி நின்றார். இது அவர்கள் வழக்கமாக நடத்தும் நாடகம் என்று எனக்கு அப்போது புரிந்தது. பொய் சொன்னதைவிட, பிடிபட்டதும் ஒரு கிழவரைத் திட்டித் தன் சட்டையைச் சுத்தமாக வைத்துக்கொண்டானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவரைத் திட்டாதீங்க. நிறுத்துங்க" என்றேன்.

சத்தம் கேட்டு மாடி பால்கனியிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டார். "இன்னாமா கண்ணு, வந்துட்டியா? மேல வா."

போயிருக்க வேண்டாம். ஆனால் அந்த அம்மாளிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. மகன் செய்தது தெரிந்தால் அவர் வருத்தப்படுவார், கூப்பிட்டுக் கண்டிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "அவன் யாருக்குமா புதுசு போட்டுக்கிறான்? அவங்க நைனா இருந்தப்பவே இதான் தொயிலு. அன்னிக்கி பெயிண்ட்டு வாசனை வந்தப்பவே எனுக்குத் தெரியும், உன் வண்டிதான்னு."

"தெரியுமா?"

"தெரியாம இன்னா? நீ மனசுல வச்சிக்காத கண்ணு. அவனாண்ட சொல்லி வேற நல்லதா போடச் சொல்றேன். வா, கால புடி. காத்தாலருந்து வலிக்குது."

காலை என் மடி மேல் தூக்கி வைத்தார். நான் எண்ணெயை எடுத்தேன். முட்டியில் கை வைத்ததும் என் விரல்கள் பின்வாங்கின. அந்தத் தோலின் ஈரம், தைலத்தோடு கலந்த வியர்வை, தழும்பின் வழவழப்பு, எல்லாமே திடீரென்று தாங்க முடியாததாக இருந்தது. என் வேலையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன், நீட்டினேன், தனியாகச் செய்யவேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டச் சொன்னேன். ஒழுங்காகத்தான் செய்தார். நல்ல நோயாளி.

கை கழுவிவிட்டு, "நான் இனிமே வரமாட்டேன்மா. பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. அங்க போய்க் காட்டுங்க" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஏம்மா? அவன் பண்ணதுக்கு நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். 

கீழே அவன், வேறு ஒன்று வரவழைத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னான். அவன் கை என் காரில் இனிப் படவேண்டாம் என்றேன். பிரித்துப் போட்ட டைனமோவைக் கேட்டதற்கு, "அத்த இன்னாக்கா பண்ணப்போற?" என்றான். சாக்கில் போட்டு வாங்கிக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கார் எலக்ட்ரீஷியன் கடைக்குக் காரைக் கட்டி இழுத்துப்போகச் சொன்னேன்.

அங்கே சீல் உடைக்காத பெட்டியை என் கண்முன் பிரித்தார்கள். புது டைனமோவை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்தும் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேட்டரி ஒயரைக் கழற்றியது முதல், புது பெல்ட்டை மாட்டி இறுக்கியது வரை பக்கத்திலேயே நின்றேன். "மேடம், கொஞ்சம் தள்ளி நின்னா வெளிச்சம் வரும்" என்று அவர் சலித்துக்கொண்டார். அரை அடி தள்ளி நின்றேன். முடித்ததும் மீட்டரை வைத்துச் சார்ஜ் ஏறுவதைக் காட்டினார். சாக்கில் இருந்ததைக் கொடுத்து, இதைச் சுத்தியலால் உடைத்துவிடுங்கள் என்றேன். பழைய இரும்புக் கடையில் போட்டால் ஏதாவது வரும் என்றார். எனக்கு அது வேண்டியதில்லை. கடையில் போட்டால் மறுபடி யாரோ வாங்கிப் பெயிண்ட் அடிப்பார்கள், வேறொரு வண்டிக்குள் போய் நாறும். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஓங்கி அடித்தார். கூடு துண்டுதுண்டாக நொறுங்கி, உள்ளே மிச்சமிருந்த காய்ந்த சேறு தரையில் சிதறியது. அவரே முகத்தைச் சுளித்துக்கொண்டு விளக்குமாறை எடுத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பானெட்டைத் திறக்கிறேன். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். பேட்டரி முனையில் பச்சையாகப் பூக்கிற உப்பைப் பழைய பிரஷ்ஷாலும் சுடுதண்ணீராலும் தேய்த்தெடுப்பேன். தண்ணீர் தேங்கிய சாலை என்றால் சுற்றிக்கொண்டு போகிறேன். இதில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் செய்கிறேன், முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போடுகிறேன். கணவர் பால்கனியிலிருந்து, "எதுக்கு இவ்வளவு சிரமம், நல்ல மெக்கானிக்கா பார்த்து விடலாமே" என்பார். அவருடைய ஃபேக்டரி நண்பர்கள் இன்றைக்கும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் வண்டி விடுகிறார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் நடந்ததைச் சொன்னேன். "அவன் அப்படித்தாங்க, ஆனா வேலை சீக்கிரம் முடிச்சுடுவான்" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தார்.

சில மாதம் கழித்து ஆவடி மார்க்கெட்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். வாக்கர் இல்லை, கோலும் இல்லை. கையில் கீரைக்கட்டோடு பஸ்ஸின் உயரமான படியில் வலது காலைத் தூக்கி வைத்தார். முட்டி முழுதாக மடங்கியது. மேலே ஏறித் திரும்பியவர் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "கண்ணு, பாத்தியா" என்று காலைத் தட்டிக் காட்டினார். நானும் தலையை அசைத்தேன். பஸ் கிளம்பிப் போனது. நான் தக்காளிக்காரரிடம் அழுகலைப் பொறுக்கி எடுத்துவிட்டு நிறுக்கச் சொன்னேன்.